எதிரே நிற்பவரைப் பாருங்கள்: விளம்பரப் பதாகைகளில் நிற்கும் தங்கை தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

ஜவுளிக்கடைப் பதாகையில் பட்டுப்புடவையோடு நிற்பவர்கள் நீங்கள். நகைக்கடை விளம்பரத்தில் கழுத்து கொள்ளாத ஆரத்தோடு பக்கவாட்டில் பார்ப்பவர்கள், வேட்டி விளம்பரத்தில் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்து வருபவர்கள், மசாலாப் பொடி விளம்பரத்தில் கணவனுக்குச் சாம்பார் ஊற்றுபவர்கள். சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் ஏதாவதொரு சினிமா கம்பெனியின் மாடிப்படியில் உங்களில் யாராவது எப்போதும் காத்திருக்கிறீர்கள். உள்ளே கூப்பிட்டு இரண்டு வரி வசனம் பேசச் சொல்வார்கள். பேசி முடிப்பதற்குள் அந்த வாக்கியம் வந்துவிடும்: “மாடல் மாதிரி நிக்காதீங்க.”

வேறு எப்படி நிற்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்லத் தெரிந்தவர்களும் அங்கே குறைவு. விளம்பரப் படங்களில் துணை இயக்குநராகவும் பிறகு சில சினிமாக்களிலும் வேலை பார்த்த ஆள் நான். அந்த வாக்கியம் பாதி உண்மை, பாதி சோம்பேறித்தனம் என்பது என் கட்சி. இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு நடிகையின் படங்களைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன். த்ரிஷா. எனக்கு அவரோடு பழக்கமில்லை, அவர் படங்களோடு மட்டும்தான். அதனால் இங்கே நான் சொல்வதையெல்லாம் நீங்களும் திரையில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

1999-இல் அவர் மிஸ் சென்னை. வயது 16. அதே ஆண்டு ‘ஜோடி’ வெளியானது. பிரசாந்தும் சிம்ரனும் நடித்த படம். அதில் சிம்ரனின் தோழிகளில் ஒருவராக த்ரிஷா வருவார். தெரிந்துகொண்டு தேடினால்தான் கிடைப்பார். சிம்ரனும் மும்பையில் மாடலிங், தொலைக்காட்சி என்று சுற்றிவிட்டு இங்கே வந்தவர்தான். அந்த ஆண்டிலேயே ‘வாலி’, ‘துள்ளாத மனமும் துள்ளும்’ இரண்டும் வந்து அவர் உச்சத்தில் இருந்தார். ஒரே சட்டகத்தில் இரண்டு மாடல்கள்: ஒருவர் கற்று முடித்துவிட்டார், மற்றவர் இன்னும் தொடங்கவில்லை. இருபது ஆண்டு கழித்து 2019-இல் ‘பேட்ட’யில் இரண்டு பேருமே ரஜினிக்கு ஜோடி, ஒருவர் முன்கதையில், மற்றவர் நிகழ்காலத்தில். (இருவருக்குமே அந்தப் படத்தில் செய்ய அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.)

‘ஜோடி’க்குப் பிறகு உடனே எதுவும் நடந்துவிடவில்லை. 2000-இல் ஃபால்குனி பாதக்கின் ஓர் இந்தி இசைக் காணொளி. 2001 மிஸ் இந்தியா போட்டியில் அழகிய புன்னகைக்கான பட்டம். கதாநாயகியாக முதலில் ஒப்புக்கொண்ட படம் பிரியதர்ஷனின் ‘லேசா லேசா’. அது தாமதமாகி 2003-இல்தான் வந்தது. அதற்குள் 2002-இல் அமீர் தன் முதல் படமான ‘மௌனம் பேசியதே’வில் சூர்யாவுக்கு எதிரே அவரை நிறுத்திவிட்டார். ஒப்பந்தம் ஆன படம் வெளிவராமல் கிடக்கும்போது என்ன செய்வது என்று உங்களில் சிலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வேலைக்குப் போக வேண்டியதுதான். அவரும் அதைத்தான் செய்தார்.

இப்போது அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன்.

புகைப்படத்திலும் விளம்பரத்திலும் லென்ஸ்தான் உங்கள் வாடிக்கையாளர். கண்ணை நேராக அதற்குள் செலுத்தப் பழகியிருக்கிறீர்கள். சிரிப்பின் உச்சம் எந்த நொடி என்பது ஃபிளாஷுக்கு முன்பே உங்கள் உடம்புக்குத் தெரியும். முப்பது வினாடி விளம்பரத்தில் ஒரு ஷாட்டுக்கு இரண்டு வினாடிகூடக் கிடைக்காது. அதற்குள் ஆச்சரியம், மகிழ்ச்சி, நன்றி மூன்றும் முகத்தில் வந்து போக வேண்டும். அதனால் உங்கள் முகம் எப்போதும் முன்கூட்டியே வந்து நிற்கும். சினிமாவில் அதுவே வினை. எதிரே இருப்பவர் “அப்பா செத்துட்டாரு” என்று சொல்லி முடிப்பதற்குள் உங்களிடம் அழுகைக்கு எல்லாம் தயாராகிவிடும். இட்லி வேகுமுன் மூடியைத் திறக்கிற அவசரம் அது. பார்ப்பவர்களுக்கு அதன் பெயர் தெரியாது. “என்னமோ ஒட்டலை” என்று மட்டும் சொல்வார்கள். கேட்டு, அது உள்ளே இறங்கி, அதன் பிறகே முகம் மாற வேண்டும். அந்தத் தாமதத்தை யாரும் சம்பளம் கொடுத்துக் கற்றுத் தருவதில்லை.

த்ரிஷாவின் தொடக்கப் படங்களில் இந்த அவசரத்தைப் பார்க்கலாம். 2003-இல் ‘சாமி’, 2004-இல் ‘கில்லி’. ‘கில்லி’யை எனக்குப் பிடிக்கும். 2024-இல் மறுபடி வெளியிட்டபோது திரையரங்கில் எழுந்து ஆடியவர்களில் பாதிப் பேர் படம் முதலில் வந்தபோது கைக்குழந்தைகள். ஆனால் அதில் த்ரிஷாவின் தனலட்சுமி பெரும்பாலும் கையைப் பிடித்து இழுக்கப்பட்டு ஓடுகிற பெண். முத்துப்பாண்டி ஒரு பக்கம் இழுப்பான், வேலு இன்னொரு பக்கம் இழுப்பான். பயம் வர வேண்டிய இடத்தில் பயம், சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சிரிப்பு, எல்லாம் நேரத்துக்கு வந்து நிற்கும். குறையாக இதைச் சொல்லவில்லை. அந்தப் படத்துக்கு அதுதான் தேவை. ஆனால் அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த ஆண்டுகளில் அவருக்குப் பொருந்துகிற வேடங்களை முதலில் கொடுத்தது தெலுங்குதான் என்பதையும் சொல்ல வேண்டும். 2004-இல் ‘வர்ஷம்’, 2005-இல் பிரபுதேவா முதன்முதலாக இயக்கிய ‘நுவ்வொஸ்தானன்டே நேனொத்தன்டானா’, 2007-இல் ‘ஆடவாரி மாட்டலகு அர்த்தாலே வேருலே’. மூன்றுக்கும் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது. தமிழில் அதே விருது வர 2018-இல் ‘96’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னையில் பிறந்து, சென்னையிலேயே படித்து, தமிழ் பேசத் தெரிந்த பெண்ணுக்கே இந்தக் கதி. ஒரே கதவை மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஹைதராபாத்துக்கு இரவு ரயில் இருக்கிறது. எல்லாக் கதவும் திறக்கும் என்றும் சொல்லவில்லை: இந்தியில் 2010-இல் ‘கட்டா மீட்டா’ என்று ஒன்று, அதோடு சரி.

அந்தச் சோம்பேறித்தனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். “மாடல் மாதிரி நிக்காதீங்க” என்கிறவர்கள் உங்களிடம் இருப்பதையும் சேர்த்துத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். அதைக் கேட்காதீர்கள்.

உங்களில் ஒருவரைத் தரையில் ஒட்டிய டேப்பில் வந்து நிற்கச் சொன்னால் கீழே குனிந்து பார்க்காமல் வந்து நிற்பீர்கள். விளக்கின் சூடு கன்னத்தில் எங்கே படுகிறது என்பதை வைத்தே முகத்தை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வீர்கள். நாடகத்திலிருந்து வந்த நல்ல நடிகர்கள்கூட இதில் மாதக்கணக்கில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இருபதாவது டேக்கிலும் புடவை முந்தானை அதே தோள்மடிப்பில் இருக்கும். கன்டினியூட்டி பார்க்கிற உதவி இயக்குநர் உங்களை மனசுக்குள் கும்பிடுவார். எல்லாவற்றுக்கும் மேல், அசையாமல் நிற்கத் தெரியும். பதற்றமில்லாத அசையாமை நடிப்பில் பெரிய சொத்து. அதை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

2010-இல் வந்த ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ அதற்கு நல்ல பாடம். ஜெஸ்ஸி காட்டன் புடவையில் நடந்து வருவதைக் கார்த்திக் பார்க்கிறான், நாம் அவனோடு சேர்ந்து பார்க்கிறோம். அந்தப் படத்தின் பார்வை முழுக்க அவனுடையது. அந்த நடையில் த்ரிஷா இன்னும் மாடல்தான். இயக்குநர் கௌதம் மேனன் அதைத் தெரிந்தே பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் ஜெஸ்ஸி முடிவெடுக்க முடியாத பெண். வேண்டும் என்றும் சொல்வாள், வேண்டாம் என்றும் சொல்வாள், இரண்டையும் உண்மையாகவே சொல்வாள். அசையாமல் நிற்கிற அந்த உடம்புக்குள் தீர்மானம் மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறுகிறது. கண்ணைத் தாழ்த்துவது, பேச்சை முடிக்காமல் விடுவது, பதில் சொல்லுமுன் ஒரு மூச்சு கூடுதலாக எடுப்பது, எல்லாமே சின்னச் சின்ன வேலை. என் கணக்கில் ஜெஸ்ஸி பாதி நடிப்பு, பாதி மாடலிங். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்து ஆண்டு கழித்து ஊரடங்கில் ‘கார்த்திக் டயல் செய்த எண்’ குறும்படத்துக்காக வீட்டுக்குள்ளேயே ஃபோனில் படமாக்கியபோது புடவையின் நடை இல்லை, ஊர் இல்லை, பக்கத்தில் கார்த்திக்கூட இல்லை. காதில் ஒரு குரல் மட்டும். அதையும் ஒருமுறை பாருங்கள். ஃபோனில் ஆடிஷன் காணொளி எடுத்து அனுப்பச் சொல்கிற இந்தக் காலத்தில் அது உங்களுக்கு நேரடியாகவே உதவும்.

‘பொன்னியின் செல்வன்’ இன்னொரு வகை. குந்தவையின் கொண்டை, நகை, பட்டு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கழுத்து வளையாமல் நிற்பதற்கே ஒரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி உங்களுக்கு இருக்கிறது. முதல் பாகத்தில் குந்தவை சிற்றரசர்களின் கூட்டத்துக்குள் நுழைந்து, கல்யாணப் பேச்சை நடுவில் போட்டு அவர்களுடைய ஒற்றுமையைக் கலைக்கிற காட்சியைப் பாருங்கள். குரல் உயராது, கை ஆடாது. பார்வை மட்டும் ஒவ்வொரு முகமாகப் போய்த் திரும்பும். பிறகு நந்தினியோடு நேருக்கு நேர் நிற்கும் காட்சி. நந்தினியாக 1994-இன் உலக அழகி ஐஸ்வர்யா ராய், குந்தவையாக 1999-இன் மிஸ் சென்னை. பட்டும் நகையும் சட்டகத்தை நிறைத்திருக்கின்றன, நாம் பார்ப்பதோ ஒருவரை ஒருவர் எடைபோடும் கண்களை. 2004-இல் ‘ஆய்த எழுத்து’வில் மணிரத்னம் த்ரிஷாவுக்குக் கொடுத்தது ஒரு துள்ளலான பெண் வேடம், பதினெட்டு ஆண்டு கழித்துக் கொடுத்தது ஓர் அரசியல் மூளை. நடுவில் 2016-இல் ‘கொடி’ வந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது. பதவிக்காகக் காதலனையே கொல்கிற ருத்ராவாக அதில் நடித்தார். அந்த வேடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டால் முன்னணி நாயகிகளில் பலர் கதையை முழுசாகக் கேட்காமலே எழுந்து போயிருப்பார்கள். 2015-இல் ‘தூங்காவனம்’ படத்தில் ஓட்டல் சமையலறையில் கமலோடு கட்டிப்புரண்டு சண்டை. 2008-இல் ‘அபியும் நானும்’ படத்தில் பிரகாஷ்ராஜின் மகள். தேர்ந்தெடுத்துச் சொல்கிறேன். இவற்றுக்கு நடுவில் எதற்காக ஒப்புக்கொண்டார் என்று புரியாத படங்களும் வரிசையாக உண்டு. இருபது ஆண்டுக்கு மேல் நிலைத்திருப்பதற்கு அவையும் ஒரு விலை.

குரல் விஷயத்தைப் பேசாமல் போனால் நியாயமாகாது. ஜெஸ்ஸிக்கும் ‘96’ ஜானுவுக்கும் குரல் கொடுத்தவர் சின்மயி. நாம் ஜானு என்று நேசித்தது இரண்டு பெண்கள் சேர்ந்து செய்த ஒன்று. தமிழ் சினிமாவில் இது புதிதல்ல. மற்ற இடங்களிலும் உண்டு. தீபிகா படுகோனின் முதல் இந்திப் படமான ‘ஓம் சாந்தி ஓம்’ படத்தில் பேசியது மோனா கோஷ் ஷெட்டி. ஆனால் உங்களுக்கு நான் சொல்வது வேறு. தமிழ் பேசத் தெரிந்தும் “டப்பிங்கில் பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுகிறீர்கள். செட்டில் உதவி இயக்குநர் பிராம்ப்ட் பண்ணப் பண்ண வாயசைத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். வேறொருவர் குரல் கொடுக்கப் போகிறார் என்றாலும் செட்டில் நீங்கள் முழுசாகப் பேசியே ஆக வேண்டும். மூச்சு உங்களுடையது. சின்மயி அளவுக்குத் திறமையான ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் உங்கள் மூச்சில்தான் அவர் ஏறிப் பயணம் செய்ய முடியும். அங்கே மூச்சே இல்லையென்றால் அவர் என்ன செய்வார்? 2010-இல் ‘மன்மதன் அம்பு’ படத்தில் த்ரிஷா தன் குரலிலேயே பேசினார். அவருடைய குரல் நம் காதுக்குப் பழகிய நாயகிக் குரல் இல்லை, கொஞ்சம் கனமானது. எனக்கு அது பிடித்தது.

இனி ‘96’. இந்தப் படத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது என்று தெரியும். காதல், பள்ளிக்கூடம், இளையராஜா பாட்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு மாடல் என்ன செய்திருக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.

மாடலிங் என்றாலே உடை மாற்றுவது. ஒரு நாளில் பதினைந்து புடவை மாற்றியிருப்பீர்கள். ‘96’ படத்தின் ஜானு, மழையில் நனைந்து பழைய பள்ளிக் காதலன் ராமின் சட்டையைப் போட்டுக்கொள்கிற நேரம் தவிர, ராத்திரி முழுக்க ஒரே மஞ்சள் குர்தாவில் இருக்கிறாள். விடிந்தால் சிங்கப்பூருக்கு விமானம். உடை மாறாது, ஊரும் பெரிதாக மாறாது. சென்னை ராத்திரியில் கார், மெட்ரோ, அடுக்குமாடி வீடு, அவ்வளவே. மாறக்கூடியது முகம் மட்டும். அதுவும் சத்தம் போட்டு மாறக்கூடாது, பக்கத்தில் இருப்பவன் பயந்தாங்கொள்ளி. ராம் அவளை நேராகப் பார்க்க மாட்டான். அவள் நெஞ்சில் கை வைத்தால் மயங்கி விழுகிற ஆள். அதனால் அந்தப் படத்தில் பார்க்கிற வேலை முழுவதும் ஜானுவுடையது. ஜெஸ்ஸி பார்க்கப்பட்டாள், ஜானு பார்க்கிறாள். ஒரு மாடல் நடிகையாக மாறுவதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ராமின் மாணவிகளுக்கு அவள் ஒரு கதை சொல்வாள். கல்லூரியில் அவன் தன்னைத் தேடி வந்ததாகவும், அப்படியே சேர்ந்துவிட்டதாகவும். சேர்ந்துவிட்டது பொய், நடந்திருக்க வேண்டிய பொய். பெண்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். த்ரிஷா அதைச் சோகமாகச் சொல்லவே இல்லை. நன்றாகக் கதை சொல்கிற ஒரு பெண்ணின் குதூகலத்தோடு சொல்கிறார், நடுநடுவே ராம் என்ன ஆகிறான் என்று கண் போய்த் திரும்புகிறது. அழுகையைப் பார்க்கிறவர்களிடம் விட்டுவிடுகிறார். மிஸ் இந்தியாவில் பட்டம் வாங்கிய அதே புன்னகைதான். ஆனால் இங்கே அது எதையோ மூடிவைக்கிற வேலையைச் செய்கிறது. உங்களில் நல்ல சிரிப்பு உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எந்தக் காட்சியில் அதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது என்று யோசியுங்கள்.

மின்சாரம் போன இருட்டில் ஜானு பாடுவதும், ராம் தடுமாறுவதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அவள் பாடுவது 1991-இல் வந்த ‘தளபதி’ படப் பாடல். அந்தத் ‘தளபதி’யில்தான் இன்னொரு மாடல் சினிமாவுக்கு வந்தார், அரவிந்த்சாமி. தம்பிகளே, இது உங்கள் பங்கு.

அவரும் கல்லூரிக் காலத்தில் கைச்செலவுக்காக விளம்பரங்களில் நடித்தவர். ஒரு விளம்பரத்தைப் பார்த்து மணிரத்னம் கூப்பிட்டார். ‘தளபதி’யில் கலெக்டர் தம்பி, 1992-இல் ‘ரோஜா’, 1995-இல் ‘பம்பாய்’. ஊரில் பெண் பார்க்கப் போகிற இடமெல்லாம் மாப்பிள்ளை அரவிந்த்சாமி மாதிரி வேண்டும் என்று கேட்ட காலம் அது. அந்தப் பெயரே ஒரு நிறத்துக்கும் மொழுமொழுப்புக்கும் அளவுகோலாகிப் போனது. பிறகு பல ஆண்டுகள் சினிமாவை விட்டு வியாபாரத்துக்குப் போய்விட்டார். 2013-இல் ‘கடல்’ படத்தில் திரும்பி வந்து, 2015-இல் ‘தனி ஒருவன்’ படத்தில் அந்த அழகையே வில்லத்தனமாக்கினார். ஆனால் நான் சொல்ல வந்தது 2024-இல் வந்த ‘மெய்யழகன்’. தஞ்சாவூரை விட்டுப் போய் இருபத்திரண்டு ஆண்டு கழித்து நீடாமங்கலத்துக் கல்யாணத்துக்கு வருகிற அருள், தன்னை அத்தான் அத்தான் என்று உருகுகிறவனின் பெயர் நினைவில்லாமல் ராத்திரி முழுக்கச் சமாளிக்கிறார். பேசுவது பெரும்பாலும் கார்த்தி. அரவிந்த்சாமி கேட்கிறார். பெயர் தெரியாத சங்கடத்தோடு கேட்கிறார், பிறகு பிரியத்தோடு, அதன் பிறகு குற்றவுணர்வோடு. படமே அந்தக் கேட்பில் நடக்கிறது.

‘96’, ‘மெய்யழகன்’ இரண்டையும் எழுதி இயக்கியவர் ஒருவரே, ச. பிரேம்குமார். இரண்டிலும் ஒரு ராத்திரி, இரண்டு பேர், பேச்சு. இரண்டிலும் கேட்கிற பொறுப்பைச் சுமப்பவர் விளம்பரத்திலிருந்தோ அழகிப் போட்டியிலிருந்தோ வந்தவர். பிரேம்குமார் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. முகத்தின் மேல் வெளிச்சம் நிற்க வேண்டும், அந்த முகம் அவசரப்படக் கூடாது என்பது ஒளிப்பதிவாளருக்குத் தெரியும். வெளிச்சத்தில் நிற்கத் தெரிந்த ஒருவர் கேட்கவும் கற்றுக்கொண்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த இரண்டு படங்கள் போதும்.

அதனால் செட்டுக்குப் போகிறவர்களுக்கு என்னால் சொல்லக்கூடிய ஒரே தொழில் ரகசியம் சஜஷன் ஷாட்டில் இருக்கிறது. எதிரே இருப்பவருக்கு க்ளோஸ் வைத்திருப்பார்கள். உங்கள் தோளும் காதோரமும் மட்டும், அதுவும் அவுட் ஃபோகஸில். பெரும்பாலானவர்கள் அப்போது மனசை அணைத்துவிடுவார்கள். தோள்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கேரவனுக்குப் போய்விடுவார்கள், உதவி இயக்குநர் நின்று தட்டையாக வசனம் படிப்பார். போகாதீர்கள். நின்று, உங்கள் க்ளோஸில் பேசியதைப் போலவே முழுசாகப் பேசுங்கள். ஒன்று, அவர் நன்றாகச் செய்வார், நன்றியோடும் இருப்பார். இரண்டாவது, லென்ஸ் உங்களைப் பார்க்காத நேரத்தில்தான் நீங்கள் அதை மறக்கிறீர்கள். மறந்த அந்த உடம்பு அடுத்த ஷாட்டிலும் கூட வரும். மானிட்டர் பார்க்கலாம் என்று ஒத்திகைக்குக் கூப்பிடும்போதும் அப்படியே. டச்-அப் பெட்டிக்காரர் முகத்துக்கு முன்னால் கண்ணாடி நீட்டுவார், ஒத்திகை முடியும்வரை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆடிஷனில் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்தே வருகிறது. எப்படிச் சிரிக்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்காதீர்கள். இந்தக் காட்சியில் எனக்கு எதிரே யார், அவரிடம் எனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தெரியாத இயக்குநரின் படத்தில் நீங்கள் பதாகையாகத்தான் நிற்கப் போகிறீர்கள். பணம் தேவையென்றால் அதையும் செய்யலாம், தெரிந்தே செய்யுங்கள்.

மற்றபடி நீங்கள் அறியாதது இல்லை: வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிற கோ-ஆர்டினேட்டருக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், ஆடிஷன் என்று ராத்திரியில் ஓட்டல் அறைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள், ஒப்பந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக ஒரு நெருடல். த்ரிஷாவை உதாரணமாகக் காட்டும்போது, மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடையில் இருக்கிற உங்களில் பலர் உதட்டைப் பிதுக்குவீர்கள் என்று தெரியும். சென்னையில் நல்ல பள்ளி, கூடவே வந்து நின்ற அம்மா, விளம்பரக்காரர்கள் தேடுகிற நிறம், எல்லாம் அவருக்கு அமைந்திருந்தன. தமிழ்நாட்டு ஜவுளிக்கடைக்கே வெளியூரிலிருந்து வெளுத்த முகங்களை வரவழைக்கிற தொழில் இது. அந்த அநியாயத்தை ஒரு கடிதத்தால் ஆற்ற முடியாது, அதைச் சின்னதாக்கிச் சொல்லவும் மாட்டேன். அவருக்குக் கிடைத்த நேரம் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். 2002-இலிருந்து 2010 வரை தப்பும் சரியுமாக நடித்துக் கற்றுக்கொள்ள அவருக்குப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. உங்களுக்கு இரண்டாவது படம் வருமா என்பதே நிச்சயமில்லை. அதனால்தான் படத்துக்காகக் காத்திராமல் இப்போதே பழகச் சொல்கிறேன். உங்களுக்குள் நான்கு பேர் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடி போதும். ‘96’ படத்தின் அந்தப் பொய்க்கதைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஜானு, ஒருவர் ராம், மற்ற இருவரும் மாணவிகள். ஃபோனில் எடுங்கள், ஆனால் ஃபோனை ராம் பக்கம் திருப்பி வையுங்கள். பேசாத ராம்தான் அன்றைக்குப் பரீட்சை எழுதுகிறவர். வாரத்துக்கு ஒருவராக மாறி மாறி உட்காருங்கள். எடுத்ததை எனக்கு அனுப்ப வேண்டாம், உங்களுக்குள்ளேயே போட்டுப் பார்த்துச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பழைய துணை இயக்குநர் ஒருவர்
சென்னை